ஓங்கிய தடி எப்போது இறங்கும்?

திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் போகும் வழியில், சமவெளியில் தனித்து நிற்கும் பாறைக் குன்று பெருமுக்கல். உச்சியில் சிவன் கோயில், பாறைகளில் தொல்பழங்கால மனிதர்கள் விட்டுப்போன கீறல்கள், சரிவில் இடிந்த மதில்கள். இந்தச் சிறிய கோட்டைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய படைகள் அடித்துக்கொண்டன. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வீழ்த்திய ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அதே ஆண்டில் இதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறித்தார். 1782இல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரர்களும் கைகோத்து வந்து ஆங்கிலேயரிடமிருந்து இதைப் பிடுங்கினார்கள். மேற்கே இருக்கும் செஞ்சியின் கதை இன்னும் நீளம். அங்கே மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க வந்த மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தது. கோட்டை கைக்கு வந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார். மலைக்கோட்டையின் பலம் மதிலின் தடிமனில் மட்டும் இல்லை. செஞ்சி ராஜகிரியின் பாதையைப் பார்த்தாலே இது விளங்கும். செங்குத்தான படிகள் ஏறுகிறவனின் மூச்சை வாங்கிவிடும். ஒரு வாயிலைத் தாண்டினால் இன்னொரு வாயில் நிற்கும். உச்சிக்குச் சற்று முன்பு பாறை பிளந்து பள்ளமாகக் கிடக்கிறது. அதன் மேலுள்ள பாலத்தை எடுத்துவிட்டால் அதுவரை ஏறியதெல்லாம் வீண். களஞ்சியமும் சுனையும் மேலே இருப்பவனுக்கு, வெயிலும் தாகமும் கீழே இருப்பவனுக்கு. மொத்தத்தில், தாக்க வருகிறவனின் நேரத்தையும் மூச்சையும் எங்கே எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய இடம் அது.

இன்றைய கடினமான சண்டை வீடியோ கேம்களைச் செய்கிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள், ஆனால் தலைகீழாக. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ‘எல்டன் ரிங்’கில், ஒரு மலைக்கோட்டைக்குப் போகும் பாதையை மார்கிட் என்ற கிழட்டு அரக்கன் மறித்து நிற்கிறான். செங்குத்துப் பாதை, வாயில், காவலன், மேலே கோட்டை என்று எல்லாமே செஞ்சிக்காரனுக்குப் பழகிய அமைப்பு. செஞ்சியைக் கட்டியவனுக்கு வருகிறவன் தோற்றுத் திரும்ப வேண்டும். கேமைக் கட்டியவருக்கோ வருகிறவன் பத்து முறை தோற்றுப் பதினோராவது முறை ஜெயிக்க வேண்டும். அந்த வெற்றி தன் கைத்திறமையால் வந்தது என்று அவன் நம்பவும் வேண்டும். இதைச் சாதிப்பது எதிரியின் வேகமோ அடியின் பலமோ இல்லை என்பதே என் வாதம். எச்சரிக்கைக்கும் அடிக்கும் இடையே எவ்வளவு நேரம் தருகிறார்கள், ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு மூச்சு விடவிடுகிறார்கள், எத்தனை தவறுக்கு இடம் விடுகிறார்கள் என்ற மூன்று இடைவெளிகளில்தான் கேமின் கடினம் உட்கார்ந்திருக்கிறது.

கடினம் என்றால் வேகம் என்ற எண்ணம் பழைய எண்ணம்தான். அதற்குக் காரணமும் உண்டு. 1978இல் தோமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ செய்தபோது, திரையில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருந்தவை விரைந்து நகர ஆரம்பித்தன. அது திட்டமிட்டு வைத்ததல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அந்தக் காலத்துச் சில்லு சீக்கிரம் வேலையை முடித்தது, அவ்வளவுதான். விளையாட்டு சூடுபிடிப்பதைப் பார்த்து அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். போகப் போக வேகம் என்ற வழக்கம் அங்கே ஊன்றியது. ஆனால் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, அது மனித உடம்பின் எல்லை. திரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததும் பொத்தானை அழுத்து என்றால், பயிற்சியுள்ள இளைஞருக்கே ஏறத்தாழ 0.2 முதல் 0.25 நொடி ஆகும். பல வெளிச்சங்களில் எது எரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்து என்றால் நேரம் இன்னும் கூடும். தேர்வுகள் பெருகப் பெருக இந்தத் தாமதம் எந்தக் கணக்கில் வளர்கிறது என்பதை 1952இலேயே வில்லியம் ஹிக் அளந்து எழுதினார். நொடிக்கு 60 படங்கள் ஓடும் கேமில் 0.25 நொடி என்பது 15 படங்கள். எதிரியின் கத்தி 10 படங்களுக்குள் வந்து விழுந்தால், பார்த்துத் தப்ப யாராலும் முடியாது. அது கடினமான கேம் ஆகாது, முடியாத கேம்.

அப்படியானால் அசாத்தியமான வேகத்தில் ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முன்கூட்டியே கணிக்கிறார்கள். மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000ஆம் ஆண்டில் கிரிக்கெட் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தார்கள். மட்டையாளர் பந்தைக் கடைசிவரை கண்ணால் துரத்துவதில்லை. பந்து புறப்படுவதைப் பார்க்கிறார். உடனே, அது எங்கே குத்தும் என்று தான் நினைக்கிற இடத்துக்குக் கண்ணைத் தாவ விட்டுப் பந்து வரும்வரை அங்கே காத்திருக்கிறார். திறமைசாலியின் கண் சீக்கிரமாகத் தாவியது. கேமில் இதற்குப் பெயர்போன சாட்சி, 2004இல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டி. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’ ஆட்டத்தில் ஒரே ஒரு அடி பட்டாலும் தோல்வி என்ற நிலையில் இருந்த தைகோ உமேஹாரா, ஜஸ்டின் வாங் தொடுத்த 15 உதைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்து ஜெயித்தார். அந்தத் தொடரின் முதல் உதை, கண்டபின் தடுக்கக்கூடியதே இல்லை. எதிராளி அதைத் தொடுக்கப் போகிறார் என்று ஊகித்து முன்னமே கையை நகர்த்தினால்தான் உண்டு. மற்ற பதினான்கின் தாளம் அவருக்கு மனப்பாடம். அரங்கம் எழுந்து கத்தியது வேகத்துக்காக என்று தோன்றும், நடந்தது கணிப்பு.

கணிப்புக்குத் தீனி வேண்டும். அதனால்தான் நல்ல சண்டை கேமில் எதிரி அடிக்கும் முன் சொல்லிவிட்டு அடிக்கிறான். தோளைப் பின்னால் இழுப்பான், கத்தியில் ஒரு மின்னல் தெரியும், உறுமுவான். இந்த முன்னறிவிப்பின் நீளம்தான் கடினத்தின் முதல் திருகு. மார்கிட்டைக் கிட்டே போய்ப் பார்ப்போம். தடியைத் தலைக்கு மேல் ஓங்குகிறான். வேறு கேம்களில் பழகிய கை, ஓங்கியதுமே பொத்தானை அழுத்தி உருண்டுவிடும். உருளும்போது சற்று நேரம் அடி உடம்பில் படாது. உருண்டு எழும்போது படும். மார்கிட் தடியை இறக்காமல் அந்தரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறான். ஆட்டக்காரர் உருண்டு முடித்து நிமிரும் நேரம் பார்த்துத் தடி மண்டையில் இறங்குகிறது. இங்கே அடி மெதுவாகத்தான் வருகிறது, வேகமாக வந்திருந்தால் தப்பியிருப்பார். எல்டன் ரிங் வந்த நாளிலிருந்து பலர் புலம்புவது இந்தத் தாமத அடியைப் பற்றித்தான். ஏமாற்று வேலை, எந்த மனிதனும் இப்படித் தடியைத் தூக்கிக்கொண்டு நிற்கமாட்டான் என்கிறார்கள். இயல்பாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஏமாற்று என்பதை ஏற்க முடியாது. தடி இறங்கத் தொடங்கும் கணம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் அதே கணத்தில்தான் இறங்குகிறது. ஓங்குவதைப் பார்க்காதே, இறங்குவதைப் பார் என்று அந்த அடி கற்றுக்கொடுக்கிறது. அடுத்தடுத்து வரும் அத்தனை எதிரிகளும் தாமதித்தே அடித்தால் அது வேறு விஷயம். அப்போது தந்திரம் பாடமாக இல்லாமல் வெறும் பழக்கமாகிவிடுகிறது. அந்த விளையாட்டின் பிற்பகுதியைப் பற்றிய குறையில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது திருகு, எத்தனை தவறுக்கு இடம் என்பது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு சண்டையில் எதிரி 20 முறை அடிக்கிறான், ஆட்டக்காரர் ஒவ்வோர் அடியையும் நூற்றுக்கு 85 முறை தவிர்த்துவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடி பட்டாலே சாவு என்றால், இருபதையும் தவிர்த்து ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 4தான். சராசரியாக 25 முறை முயல வேண்டும். அதே எதிரி, அதே வேகம், அதே கை. மூன்று அடி வரை தாங்கலாம், நான்காவதில் சாவு என்று மாற்றினால் வாய்ப்பு நூற்றுக்கு 65 ஆகிவிடுகிறது. இரண்டே முயற்சி போதும். ஆட்டக்காரரின் திறமை 85இலிருந்து 75க்கு இறங்கினால் இந்த 65, 23 ஆகச் சரிகிறது. நிஜத்தில் அடிகள் இப்படித் தனித்தனி நாணயச் சுண்டல்கள் அல்ல. ஓர் அடி பட்டவன் பதறி அடுத்ததையும் வாங்கிக்கொள்வான். பத்து முறை செத்தவன் முதல்முறை ஆடியவனும் அல்ல. ஆனாலும் கணக்கு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது: ஒரு சண்டையை ‘மிகக் கடினம்’ என்றும் ‘பரவாயில்லை’ என்றும் பிரிப்பது பெரும்பாலும் சண்டையே இல்லை, அதைச் சுற்றி வைத்த விளிம்புதான்.

இந்த 85 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. ராபர்ட் வில்சனும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, கற்றல் மிக விரைவாக நடப்பது ஏறத்தாழ நூற்றுக்கு 85 சரியும் 15 பிழையுமாக இருக்கும்போதுதான் என்று காட்டியது. அது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எளிய பணிகளுக்கும் குறிப்பிட்ட கற்றல் முறைகளுக்கும் போட்ட கணக்கு. கத்திச் சண்டைக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒரு முரணை அவிழ்க்க உதவுகிறது. 25 முறை செத்தபிறகும் ஒருவர் கன்ட்ரோலரைக் கீழே வைக்காமல் இருப்பது எப்படி? சண்டை என்ற அளவில் அவர் 25க்கு ஒன்றுதான் ஜெயிக்கிறார். ஒவ்வோர் அடி என்ற அளவிலோ பெரும்பாலும் ஜெயித்துக்கொண்டேதான் இருக்கிறார். தோல்விப் பட்டியலுக்குள் நூற்றுக்கணக்கான சின்ன வெற்றிகள் ஒளிந்திருக்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர் யூல் 2009இல் நடத்திய சிறிய சோதனையிலும் இதன் சாயல் உண்டு. ஒருமுறைகூடத் தோற்காமல் முடித்தவர்களைவிட, சிலமுறை தோற்று முடித்தவர்களே விளையாட்டுக்கு அதிக மதிப்பெண் போட்டார்கள். தோற்றதற்குத் தாங்களே பொறுப்பு என்று உணர்வதையும் அவர்கள் விரும்பினார்கள்.

மூன்றாவது திருகு ஓய்வு. கோட்டை கட்டுகிறவன் தாக்குபவனுக்கு மறுப்பதும், கேம் செய்கிறவர் ஆட்டக்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டியதும் இதுதான். 2011இன் ‘டார்க் சோல்ஸ்’ தன் அத்தனை கொடுமைக்கும் நடுவே தணல் எரியும் ஓர் இடத்தை வைத்தது. அங்கே உட்கார்ந்தால் உயிர் நிரம்பும், ஆனால் வழியில் கொன்ற சாதாரண எதிரிகள் எல்லாம் திரும்ப எழுவார்கள். அடி பட்டால் சண்டைக்கு நடுவிலேயே மருந்து குடிக்கலாம். குடிக்கும் அந்தச் சிறு நேரம் அசைய முடியாது, எனவே எதிரியிடம் இடைவெளி பார்த்துத்தான் குடிக்க வேண்டும். 2008இல் வந்த ‘லெஃப்ட் 4 டெட்’ இதை ஒரு நிரலிடமே ஒப்படைத்தது. ஆட்டக்காரர்கள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார்கள் என்று அந்த நிரல் மதிப்பிட்டபடி இருக்கும். நெருக்கடி உச்சத்தைத் தொட்டதும் எதிரிகளை அனுப்புவதைக் குறைத்து மூச்சு விடச் செய்யும், பிறகு மறுபடி ஏற்றும். நம் ஊர்ப் பையன்கள் போனில் ஆடும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் வகையிலும் சூத்திரம் இதுவே, அளவுகள்தான் வேறு. நீண்ட நேரம் புல்லுக்குள் பதுங்கல், வட்டம் சுருங்கல், சில நொடி சுடுதல். அந்தச் சில நொடிகளைத் தாங்கி நிற்பது முன்னால் போன நீண்ட மௌனம்தான். தோற்றபின் மறுபடி களத்துக்குள் வர ஆகும் நேரமும் ஓய்வுக் கணக்கில்தான் சேரும். செத்த இடத்துக்குத் திரும்பி ஓட இரண்டு நிமிடம் என்றால், 25 முயற்சிக்கு 50 நிமிடம் வெறும் ஓட்டத்திலேயே போகும். இந்த ஓட்டத்தில் எதுவும் கற்க இல்லை. எல்டன் ரிங் பெரும்பாலான பெரிய சண்டைகளுக்குப் பக்கத்திலேயே உயிர்த்தெழும் வசதி வைத்ததை, விளையாட்டை எளிதாக்கிவிட்டதாகச் சில பழைய ரசிகர்கள் நொந்துகொண்டார்கள். எதிரி ஒரு இழை குறையவில்லை. குறைந்தது சலிப்பு மட்டும்.

இதெல்லாம் வெறும் மனப்பாடம்தானே என்று கேட்கலாம். எதிரி எப்போது எப்படி அடிப்பான் என்று நெட்டுருப் போட்டு ஒப்பிப்பதில் என்ன திறமை? அடிகளின் வரிசை எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் இந்தக் கேள்வி நியாயம். ஆனால் நல்ல எதிரியிடம் வரிசை மாறும், ஒவ்வோர் அடியின் உள்தாளம் மட்டுமே மாறாது. தொலைவில் நின்றால் ஒன்று, மருந்து குடித்தால் ஒன்று, பின்னால் போனால் ஒன்று என்று தேர்ந்தெடுக்கிறான். ஆட்டக்காரர் கற்பது ஒரு பாட்டை அல்ல, ஒரு மொழியின் சொற்களை. 2019இன் ‘செகிரோ’ இன்னும் ஒரு படி போனது. அதில் எதிரியின் கத்தியைச் சரியான கணத்தில் தட்டிவிட வேண்டும். பயத்தில் பொத்தானைப் படபடவென்று அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரியான கணம் சுருங்கிக்கொண்டே போகும்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. இந்த மூன்று இடைவெளிகளும் யாருடைய உடம்புக்கு அளந்து தைத்தவை? ஜோசப் தாம்சனும் உடனாய்வாளர்களும் 2014இல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ ஆடும் 16 முதல் 44 வயது வரையான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசினார்கள். ஆட்டத்தில் புதிய காட்சியைக் கண்டு செயல்படும் வேகம் 24 வயதிலிருந்தே மெல்லக் குறையத் தொடங்கியது. வயதானவர்கள் வேறு வகையில் ஈடுகட்டுவதற்கான அறிகுறிகளும் தெரிந்தன. கை நடுக்கம் உள்ளவர், ஒரு கையால் ஆடுகிறவர், பார்வை மங்கியவர் ஆகியோருக்கு 0.3 நொடி எச்சரிக்கை என்பது அநீதி. இதற்கு, கடினம்தான் படைப்பாளியின் நோக்கம், எளிய முறை வைத்தால் நோக்கம் கெடும் என்று பதில் சொல்வார்கள். நோக்கம் என்ன என்று முதலில் கேட்க வேண்டும். தோற்றுக் கற்று ஜெயிக்கும் அனுபவம்தான் நோக்கம் என்றால், அதை வெவ்வேறு உடம்புகளுக்கு வெவ்வேறு இடைவெளிகளில் கொடுக்க முடியும். 2018இன் ‘செலஸ்ட்’, விளையாட்டின் வேகத்தையே பத்துப் பத்து விழுக்காடாகப் பாதிவரை குறைக்க விட்டது. தாவல்களின் தாளம் அப்படியே, நேரம் மட்டும் நீண்டது. 2020இன் ‘ஹேடீஸ்’ வேறு வழி பிடித்தது. விரும்பினால் தாங்கும் சக்தி 20 விழுக்காடு கூடும், ஒவ்வொரு சாவுக்கும் மேலும் 2, உச்சம் 80. எதிரி அதே எதிரி. விளிம்பு மட்டும் தோற்கத் தோற்க அகலமாகிறது. மோசமான எளிய முறைகள் எதிரியை மண்பொம்மையாக்கும். இவை இரண்டும் அப்படியல்ல. இவற்றில் செலஸ்டின் வழியே மேலானது என்பது என் கட்சி. ஹேடீஸ் தவறுக்கு இடம் கொடுக்கிறது, செலஸ்ட் கற்க இடம் கொடுக்கிறது.

இந்தியாவிலும் இந்த வகையில் கை வைத்திருக்கிறார்கள். ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டுடியோ 2017இல் ‘அசுரா’வையும், புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் ‘ராஜி’யையும் கொண்டுவந்தன. ராஜியில் கோட்டைச் சுவர் ஓவியங்களையும் துர்க்கை கொடுத்த திரிசூலத்தையும் பார்த்து மயங்காதவர் குறைவு. கலையையும் புராணத்தையும் காசும் உழைப்பும் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். தடி எத்தனை படம் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்பதோ, ஆட்களை உட்காரவைத்து ஆடவிட்டு, பார்த்து, மாற்றி, மறுபடி ஆடவிட்டே கிடைக்கும். சிறிய நிறுவனத்திடம் முதலில் தீர்ந்துபோவது அந்தக் கால அவகாசம்தான்.

நம் ஊரில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இங்கே பெரும்பாலோர் ஆடுவது போனில். விலை குறைந்த போன் சூடாகி நொடிக்கு 60 படங்களிலிருந்து 30க்கு இறங்கினால், ஒரு படம் திரையில் நிற்கும் நேரம் 0.017 நொடியிலிருந்து 0.033 நொடியாகிறது. தொடுதிரை விரலை உணர்ந்து சொல்லவும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். இணைய ஆட்டமென்றால் சர்வருக்குப் போய்வரும் தாமதமும் சேரும். இவையெல்லாம் கழிவது எச்சரிக்கைக்கும் அடிக்கும் நடுவே வடிவமைப்பாளர் கொடுத்த அந்த 0.3, 0.4 நொடியிலிருந்துதான். அதனால் ஒரே கேமை ஒரே நிலையில், விலையுயர்ந்த போன் வைத்திருக்கும் ஒருவரும் பழைய போன் வைத்திருக்கும் இன்னொருவரும் ஆடும்போது, இருவரும் ஒரே கடினத்தைச் சந்திப்பதில்லை. கேமின் அமைப்புப் பக்கத்தில் ‘எளிது, நடுத்தரம், கடினம்’ என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். நாலாவதைக் கடைக்காரர் ஏற்கெனவே விற்றுவிட்டார்.